லண்டன் – டோக்கியோ: 9,560 கி.மீ. தூரத்துக்கு ஏன் 14 மணி நேரம்?

நூலுருண்டை (கேள்வி)

வணக்கம். மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சாக இருக்கிறது, தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் உதவியாக இருக்கும்.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். தொலைவில் இருக்கும் இரண்டு நகரங்களை எடுத்துக்கொண்டு, நடுவில் எவ்வளவு தூரம், விமானத்தில் போக எவ்வளவு நேரம் என்று கண்டுபிடித்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். லண்டனையும் டோக்கியோவையும் அவளே தேர்ந்தெடுத்தாள். ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் நானும் கூட உட்கார்ந்தேன்.

முதலில் தூரமே தகராறு. ஒரு இடத்தில் 9,560 என்று இருக்கிறது, இன்னொன்றில் 5,940, மூன்றாவதில் 5,160. சரி, 9,560 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம் என்று, பெரிய விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் என்று படித்ததை வைத்து வகுத்தாள். 10 மணி 37 நிமிடம் வந்தது. ஆனால் டிக்கெட் போடும் தளத்தில் பார்த்தால் லண்டனிலிருந்து டோக்கியோவுக்கு 13 மணி 45 நிமிடம், திரும்பி வர 14 மணி 45 நிமிடம் என்று காட்டுகிறது. வீட்டில் கிடக்கும் பழைய பயணக் கையேட்டிலோ 12 மணி நேரத்துக்கும் குறைவு என்று போட்டிருக்கிறது. இதில் எதை எழுதச் சொல்வது?

போதாததற்குப் புறப்படும் நேரத்தையும் வந்துசேரும் நேரத்தையும் அவளே கழித்துப் பார்த்திருக்கிறாள். காலை 9.30க்குக் கிளம்பி மறுநாள் காலை 8.15க்குப் போய்ச் சேர்கிறது, ஆகவே 22 மணி 45 நிமிடம். திரும்பும்போது காலை 9.45க்குக் கிளம்பி அன்றைக்கே மாலை 3.30க்கு வந்துவிடுகிறது, ஆகவே 5 மணி 45 நிமிடம். "போகும்போது இவ்வளவு மெதுவாகப் போகிற விமானம் வரும்போது மட்டும் எப்படிப் பறந்து வருகிறது" என்று கேட்கிறாள். நேர மண்டல வித்தியாசம் என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் எனக்கே சரியாகப் புரியவில்லை, புரியாமல் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். கோடு கஜகஸ்தான், சீனா மேலாகப் போகிறது. ஆனால் பழைய விமானப் பாதைப் படம் ஒன்றில் சைபீரியாவுக்கு வடக்கே வில் மாதிரி வளைந்து போகிறது. நேராகப் போனால்தானே தூரம் குறைவு, ஏன் வளைகிறார்கள்?

---

கடல்மைல்

எளிதான இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன்.

நீங்கள் பார்த்த மூன்று எண்களும் ஒரே தூரம்தான், அலகுதான் வேறு. 9,560 கிலோமீட்டர் என்பது 5,940 மைல், அதுவே 5,160 கடல் மைல். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானத்துறையும் கப்பல்துறையும் கடல் மைலைத்தான் பயன்படுத்துகின்றன. பூமியின் மேல் ஒரு டிகிரியை 60 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கின் நீளம் கிட்டத்தட்ட ஒரு கடல் மைல் வரும், அதனால் கோணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அது வசதி. பல தளங்களில் எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டு அலகைச் சின்னதாக ஒரு மூலையில் போடுகிறார்கள், பெரியவர்களே ஏமாந்துபோகும் இடம் இது.

கிலோமீட்டரிலேயே பத்து, இருபது, ஐம்பது என்று வித்தியாசம் வந்தாலும் கவலைப்பட வேண்டாம். ஒரு தளம் நகரத்தின் நடுவிலிருந்து அளக்கும், இன்னொன்று விமான நிலையத்திலிருந்து அளக்கும். டோக்கியோவுக்கே ஹனேடா, நரிட்டா என்று இரண்டு இருக்கின்றன, லண்டனுக்கு அதைவிட அதிகம். அப்புறம் பூமியைச் சரியான உருண்டை என்று எடுத்துக்கொண்டு 6,371 கி.மீ. ஆரத்தில் கணக்கிடுகிறவர்கள் உண்டு, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறவர்கள் உண்டு. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. இதனால் வரும் வித்தியாசம் அரை சதவீதத்தைத் தாண்டாது.

கடிகாரக் கணக்கில் மகள் கழித்தது சரிதான், ஒரு படிதான் பாக்கி. குளிர்காலத்தில் டோக்கியோ லண்டனைவிட 9 மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது 22.45இல் 9 மணியைக் கழித்தால் 13.45. திரும்பும்போது 5.45உடன் 9 மணியைக் கூட்டினால் 14.45. டிக்கெட்டில் இருப்பது அப்படியே வந்துவிட்டது பாருங்கள். லண்டனில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், அப்போது 9க்குப் பதில் 8 போட வேண்டும்.

வளைந்த பாதையைப் பொறுத்தவரை, வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊரையும் இணைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், நான் ஒரு பக்கம் எழுதுவதைவிட அது நன்றாகப் புரியவைக்கும். நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் உண்மையான நேர்வழி, அதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். சுவர் வரைபடம் உருண்டையைப் பிய்த்துத் தட்டையாக்கியது. மெர்கேட்டர் என்ற இந்த வகை வரைபடத்தில் வடக்கே போகப்போக எல்லாம் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும், அதனால்தான் அங்கே குறுக்குவழி சுற்றுவழி மாதிரியும் சுற்றுவழி நேர்வழி மாதிரியும் தெரிகிறது. அளவுகோலால் மகள் போட்ட கோட்டின் வழியே நிஜமாகவே பறந்தால் கிட்டத்தட்ட 11,290 கி.மீ. வரும். பெருவட்டத்தைவிட 1,700 கி.மீ. கூடுதல். பெருவட்டமோ வட ரஷ்யாவின் யமால் தீபகற்பத்துக்குப் பக்கத்தில் 71 டிகிரி வடக்கு வரைக்கும் ஏறி இறங்குகிறது.

---

மேகத்தடம்

நான் 14 வருடமாக விமானங்களுக்குப் பறப்புத் திட்டம் போடும் வேலையில் இருக்கிறேன், டிஸ்பாட்ச் என்போம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுத வேண்டும் போல் ஆகிவிட்டது, ஏனென்றால் உங்கள் மகள் வகுத்துப் பார்த்த அதே இடத்திலிருந்துதான் எங்கள் வேலையும் தொடங்குகிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

10 மணி 37 நிமிடம் தப்பான விடை இல்லை. காற்றே இல்லாத வானத்தில், எந்த நாடும் வழியை மறிக்காமல், ஓடுபாதையின் முனையிலிருந்தே 900 கி.மீ. வேகத்தில் கிளம்பினால் அவ்வளவு நேரம்தான் ஆகும். அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தால் 14 மணி நேரம் எப்படி வருகிறது என்று புரியும்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. வாசலை விட்டு விமானம் பின்னால் நகரத் தொடங்கிய நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் வாசலில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரைக்கும் கணக்கு. பிளாக் டைம் என்று சொல்வோம். பெரிய விமான நிலையத்தில் ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போகவும், வரிசையில் நிற்கவும், இறங்கியபின் வாசல் தேடிப் போகவும் சேர்த்து அரை மணி நேரம் போவது சாதாரணம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகமும் 900 இருக்காது. அதற்கு மேல் நெரிசலுக்கென்று அட்டவணையில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் நேரம் போடுவார்கள்.

ஆனால் உங்கள் வழித்தடத்தில் பெரிய காரணம் வேறு. பழைய கையேட்டில் 12 மணி நேரத்துக்குள் என்று இருப்பதும் உண்மை, இப்போது 14 என்று இருப்பதும் உண்மை, இரண்டுக்கும் நடுவில் 2022 பிப்ரவரி இருக்கிறது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு, ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்வெளியை மூடின, ரஷ்யா பதிலுக்கு அவர்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. நூல் பிடித்துப் பார்த்தால் லண்டன் – டோக்கியோ பாதையில் பெரும் பகுதி ரஷ்யாவின் மேல்தான் போகும். அந்த வழியே போய்விட்டது என்றால் என்ன ஆகும்? ஹெல்சின்கி – டோக்கியோ இன்னும் கொடுமை, 9 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட இருந்த பயணம் 13 மணி நேரமாகிவிட்டது. தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

இப்போது லண்டனிலிருந்து டோக்கியோவுக்குப் போகிற விமானங்கள் பெரும்பாலும் தெற்கே இறங்கி, துருக்கி, காஸ்பியன் கடல், கஜகஸ்தான், சீனா என்று போகின்றன. இஸ்தான்புல், அல்மாட்டி இரண்டையும் தொட்டுப் போவதாக வைத்து அளந்தால் 11,730 கி.மீ. வரும். 900ஆல் வகுத்தால் 13 மணி நேரம். இத்தனை நேரம் கிடைக்காத மூன்று மணி நேரம் எங்கே போனது என்று இப்போது தெரிகிறதா?

அப்புறம் காற்று. என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு மாதிரி காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம். சாதாரணமாகவே மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் இருக்கும், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே 300ஐத் தாண்டும். 1920களில் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926இல் தன் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் வெளியிட்டார், ஆனால் அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவாக இருந்ததால் வெளியே அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. எப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கும் விஷயம் அது.

விமானத்தின் 900 கி.மீ. என்பது தரையைப் பொறுத்த வேகம் இல்லை, சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்த வேகம். ஓடும் ஆற்றில் படகு விடுவது மாதிரிதான். 100 கி.மீ. பின்காற்று இருந்தால் தரைக்கு மேல் 1,000, அதே அளவு எதிர்க்காற்று இருந்தால் 800. 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக் மேல் கடும் புயல் வீசிய இரவில் ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது, தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ. அளவுக்குப் போனது. ஒலியின் வேகத்தை அது தாண்டவில்லை, காற்றுக்குள் அதன் வேகம் வழக்கமான வேகம்தான். காற்றே அதைச் சுமந்துகொண்டு வந்தது.

மகளுக்கு ஒரு கணக்கு தருகிறேன், போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நியூயார்க் – லண்டன் 5,540 கி.மீ. காற்று இல்லாவிட்டால் போக வர இரண்டும் சேர்த்து 12 மணி 19 நிமிடம். மணிக்கு 100 கி.மீ. காற்று அடித்தால் ஒரு பக்கம் 5 மணி 32 நிமிடம், மறுபக்கம் 6 மணி 56 நிமிடம். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கூட்டினால் 12 மணி 28 நிமிடம் வரும். காற்று 150 ஆனால் 12 மணி 40 நிமிடம். எதிர்க்காற்றில் போகும்போது நேரமும் அதிகம் எடுக்கிறது, அந்த அதிக நேரம் முழுக்கக் காற்று பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இரண்டும் ஈடாவதில்லை.

இதனால் எங்களுக்குக் குறைந்த தூரம் என்பது குறி இல்லை, குறைந்த நேரமும் குறைந்த எரிபொருளும்தான் குறி. லண்டன், வாஷிங்டன் என்ற பெயர்களில் இயங்கும் உலக வான்பரப்பு முன்னறிவிப்பு மையங்களின் காற்றுத் தகவல்களை வைத்துத் தினமும் புதிதாகப் பாதை போடுகிறோம். நேற்றுப் போன வழியில் இன்று போவதில்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி – சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகத் திருப்பியது. கிட்டத்தட்ட 1,400 கி.மீ. கூடுதலாக, மொத்தம் 15,300 கி.மீ. பறந்தும், பின்காற்றின் புண்ணியத்தில் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட அது சுமார் 2 மணி நேரம் குறைவு.

---

ஜன்னலோரம்

இவ்வளவு சிக்கல் வேண்டாம் என்று தோன்றுகிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. மேற்கே போகிற விமானத்துக்கு ஊரே எதிரில் வந்து சேரும், கிழக்கே போகிற விமானத்துக்கு ஊர் விலகிப் போய்க்கொண்டே இருக்கும். வித்தியாசம் அதனால்தான் என்று பள்ளியில் படித்த ஞாபகம்.

---

மேகத்தடம்

ஜன்னலோரம், இதை எத்தனையோ பேர் நம்புகிறார்கள், நானும் வேலைக்குச் சேரும் முன் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நீங்கள் சொல்வது சரி என்றால் மேற்கே போவதுதான் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பது நேர்மாறு. லண்டனிலிருந்து மேற்கே நியூயார்க் போக அட்டவணையில் கிட்டத்தட்ட 8 மணி நேரம், கிழக்கே திரும்பி வர கிட்டத்தட்ட 7.

இரண்டாவது, லண்டன் இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்கு 1,040 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. அது உதவுவதாக இருந்தால் விமானம் கிளம்பவே தேவையில்லை, மேலே எழும்பி அப்படியே நின்றால் போதும், ஐந்து மணி நேரத்தில் நியூயார்க்கின் தீர்க்கரேகை காலடியில் வந்துவிடும். அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கும் அந்த வேகம் ஏற்கனவே இருக்கிறது. ஓடும் ரயிலுக்குள் குதித்தால் அதே இடத்தில்தானே விழுகிறோம்.

ஆனால் பூமியின் சுழற்சிக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால் மேல்காற்று துருவத்தை நோக்கி நகரப் பார்க்கிறது, பூமி சுழல்வதால் அது கிழக்கே திரும்பிவிடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் உருவாவதே அப்படித்தான். குளிர்காலத்தில் அந்த வெப்ப வித்தியாசம் கூடுவதால் காற்றும் பலமாகிறது.

---

ஜன்னலோரம்

ரயில் உதாரணத்தில் புரிந்துவிட்டது, நன்றி. நீங்கள் குளிர்காலக் காற்று என்று சொன்னதும் எனக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு ஜனவரியில் கிழக்கு ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், அங்கே இறங்கிய ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டும். அட்டவணையைப் பார்த்துத் தாராளமாக நேரம் இருக்கிறது என்று நம்பி டிக்கெட் எடுத்தேன். சரியான நேரத்துக்குத்தான் கிளம்பினோம், ஆனால் வழி முழுக்க எதிர்க்காற்று என்று விமானி அறிவித்தார், 50 நிமிடம் தாமதமாக இறங்கினோம். அடுத்த விமானத்தின் கதவை என் கண் முன்னால் மூடினார்கள். இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவைப் பார்க்கப் போன பயணம் அது, மருத்துவமனையில் இருந்தார்கள், ஒரு நாள் தள்ளிப்போனது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

அதனால் அந்தப் பாப்பா எழுதும்போது டிக்கெட்டில் போட்டிருப்பது உத்தேச நேரம்தான் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மேற்கே போகும் நீண்ட பயணத்துக்குப் பின்னால் அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர்கள், அதுவும் குளிர்காலத்தில், மூன்று மணி நேரமாவது இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது. அதே விமானம் கடந்த பத்து நாட்களில் நிஜமாக எத்தனை மணிக்கு இறங்கியது என்று விமானங்களைப் பின்தொடரும் தளங்களில் பார்க்கலாம். இப்போதெல்லாம் டிக்கெட் எடுக்கும் முன் நான் அதைப் பார்க்காமல் இருப்பதில்லை.

---

நூலுருண்டை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். 12 மணி 28 நிமிடக் கணக்கைத் தானே போட்டு, சரியாக வந்ததும் குதித்தாள்.

அவளுடைய அடுத்த கேள்விகள் இதோ. ஒன்று, 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகுமே, அதனால் தூரம் எவ்வளவு கூடும்? இரண்டு, திரும்பி வரும்போது எதிர்க்காற்று என்றால், 11,730 கி.மீ. பாதையில் ஒரு மணி நேரம் மட்டும் கூடுவது போதுமா, இன்னும் அதிகமாக இருக்க வேண்டாமா?

---

கடல்மைல்

முதல் கேள்விக்கு விடை சின்னது. 6,371க்குப் பதில் 6,382 என்று ஆரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். 9,560 கி.மீ. பயணத்தில் வெறும் 17 கி.மீ. கூடும், ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். இந்தக் கேள்வி இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை, பாப்பாவுக்குச் சபாஷ்.

---

மேகத்தடம்

இரண்டாவது கேள்வி பிரமாதம். அதற்கு விடை தெரிந்தால் சுவரில் இருக்கும் வரைபடத்தையே வேறு மாதிரி பார்ப்பாள்.

திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் வந்த வழியே திரும்புவதில்லை. 2022 மார்ச்சில் ஜப்பான் ஏர்லைன்ஸ் டோக்கியோவிலிருந்து லண்டனுக்கு வரும் விமானத்தைக் கிழக்கே திருப்பிவிட்டது. வட பசிபிக்கைத் தாண்டி, அலாஸ்கா, வட கனடா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து என்று போய் லண்டனில் இறங்கும். அதாவது போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. ஒருவர் போய்விட்டுத் திரும்பினால் பூமியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார், நடுவில் தேதிக்கோட்டையும் தாண்டியிருப்பார்.

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரைத் தொட்டுப் போவதாக வைத்துக்கொண்டால் டோக்கியோவிலிருந்து அங்கே 5,560, அங்கிருந்து லண்டனுக்கு 7,200, மொத்தம் 12,760 கி.மீ. தெற்கு வழியைவிட ஆயிரம் கி.மீ. அதிகம். ஆனாலும் தெற்கு வழியில் ஜப்பானை விட்டுக் கிளம்பியதிலிருந்தே ஜெட் ஸ்ட்ரீமை எதிர்த்துப் போராட வேண்டும், இந்த வழியில் கிளம்பும்போதே அது முதுகைப் பிடித்துத் தள்ளிவிடும், வடக்கே ஏறியபின் எதிர்க்காற்றும் அவ்வளவாக இருக்காது. 12,760ஐ 900ஆல் வகுத்தால் 14 மணி 11 நிமிடம். வாசல் கணக்கைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், டிக்கெட்டில் இருக்கும் எண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று அவளே பார்க்கட்டும். வேறு சில நிறுவனங்கள் இரண்டு பக்கமும் மத்திய ஆசியா வழியாகவே போகின்றன, எந்த வழி என்பது அவர்கள் முடிவு, அந்தந்த நாளின் காற்றும் சேர்ந்தது.

---

துருவப்பாதை

ஆங்கரேஜ் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இது புது வழியே இல்லை. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி மேற்கத்திய விமானங்களுக்கு மூடியே கிடந்தது. 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து வட துருவத்தின் வழியாக ஆங்கரேஜ் போய், எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோ போகும் சேவையைத் தொடங்கியது. அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போன எத்தனையோ பேர் ஆங்கரேஜில் இறங்கி, ஒரு மணி நேரம் காலாற நடந்துவிட்டு மறுபடி ஏறியவர்கள். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் நின்ற வெள்ளைக் கரடியைப் பற்றி இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

1983இல் பின்லாந்தின் பின்ஏர் நிறுவனம் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு, நடுவில் எங்கும் நிற்காமல், சோவியத் எல்லையைத் தொடாமல், வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு டிசி-10 விமானத்தில் பறந்தது. 13 மணி நேரம் வாக்கில் ஆனது. மேகத்தடம் மேலே எழுதியதைப் பாருங்கள், 2022க்குப் பிறகும் அதே ஹெல்சின்கி – டோக்கியோ 13 மணி நேரம்தான். விமானம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. வழி மூடினால் நேரம் நாற்பது வருடம் பின்னால் போய்விடுகிறது.

---

நூலுருண்டை

இன்று காலை உருண்டையை மேசையில் வைத்து நூல் பிடித்தோம். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை, சுற்றளவு 94 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட, ஆகவே ஒரு செ.மீ. நூலுக்கு 425 கி.மீ. என்று அவளே கணக்குப் போட்டாள்.

லண்டன் – டோக்கியோ நேர்வழி 22.5 செ.மீ. சுவர் வரைபடத்தில் அளவுகோலால் போட்ட கோட்டை உருண்டையில் அப்படியே வரைந்து நூலை அதன்மேல் ஒட்டி அளந்ததில் 26.5. துருக்கி, கஜகஸ்தான் வழி 27.5க்குச் சற்று மேலே. அலாஸ்கா வழி 30. நூலைச் சைபீரியா மேல் இறுக்கிப் பிடித்தபோது, அது தானாக வடக்கே வழுக்கிப் போய் யமால் பக்கத்தில் நின்றதைப் பார்த்து, "அப்பா, நான் தள்ளவே இல்லை" என்றாள். அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குப் புரிந்தது, எனக்கும்தான்.

நோட்டில் தூரம் 9,560 கி.மீ. என்று ஒரே வரி எழுதியிருக்கிறாள். நேரத்துக்குத்தான் முழுப் பக்கம். 10 மணி 37 நிமிடம் காற்றும் எல்லையும் இல்லாத கணக்கு, 12 மணிக்குள் 2022க்கு முன்பு, இப்போது போக 13.45, வர 14.45, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம். ஜன்னலோரம் கேட்டுக்கொண்டபடி உத்தேச நேரம் என்ற வரியும் இருக்கிறது. உங்கள் அம்மா விஷயம் படித்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இப்போது நூலைத் தெற்கே கொண்டுபோய்விட்டாள். சாண்டியாகோவிலிருந்து சிட்னிக்குப் பிடித்தால் அண்டார்டிகாவை நோக்கி 62 டிகிரி வரைக்கும் இறங்குகிறது, 26.7 செ.மீ. அந்தப் பக்கம் காற்று எப்படி அடிக்கும், அதுவும் மேற்கிலிருந்து கிழக்காகத்தானா என்று கேட்கிறாள். மேகத்தடம், நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்.

---

மேகத்தடம்

ஆமாம், தெற்கிலும் மேற்கிலிருந்து கிழக்காகத்தான். அதனால் சிட்னியிலிருந்து சாண்டியாகோ போவது சீக்கிரம் முடியும், திரும்பி வருவது நீளும். தூரம் 11,350 கி.மீ. வாக்கில். இரண்டு பக்கமும் எத்தனை மணி நேரம் என்று முதலில் அவளையே கணித்து எழுதச் சொல்லுங்கள், அப்புறம் டிக்கெட் தளத்தைப் பார்க்கட்டும். என்ன வந்தது என்று இங்கே போடுங்கள், காத்திருக்கிறேன்.